குதிரையின் இராப்புல்லும் வலைப்பையின் கண்ணும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் படிக்கப்பட்ட பிரசங்கம்)



சங்கக் கூட்டங்களில் கால்நடை விஷயம் பேசப்படும்பொழுது பெரும்பாலும் கறவை மாட்டையும் உழவு மாட்டையும் பற்றியே பேச்சு நடக்கும். அது நியாயமே. நூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தில் குதிரை வைத்திருப்பவர் இருவரோ மூவரோதாம். ஆயினும் அந்த இருவர் மூவருடைய நிலைமையைச் சற்று ஆலோசித்தால், அவர்கள் பொருட்டு ஒரு நாள் தனியே பேசுவது வீணாகாது என்பது விளங்கும். கடற்கரைக்குக் காற்று வாங்க வருவோரின் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடுகிறவருக்கும், உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பவருக்கும், தென் ஜில்லாக்களில் ரேக்ளாப் பந்தயத்திற்கென்று குதிரை வளர்ப்பவருக்கும் உள்ள ஆஸ்தி அநேகமாக அந்த ஒரு பிராணிதான். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையிலே, கடன் வாங்கிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர். குதிரை நடமாடும் வரையில் தவணை தவறாமல் வந்துகொண்டிருக்கும். ஓர் இராத்திரியில் வயிற்றுவலி கண்டு அது விழுந்துவிடுமானால் கடன் மாத்திரமே உயிரோடு இருக்கும்.

இன்று எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. குதிரைக்கு இரவில் உலர்ந்த புல்லை இட்டுக் கட்டும் வலைப்பை எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதே அது. வலைப்பை என்றால் ஏதோ சீமைத் துரைமார் லாயத்து அலங்காரம் என்று எண்ணவேண்டாம். ஒரு பை, அதன் வாயை இறுக்க ஒரு சுருக்குக் கயிறு, அவ்வளவே. ஆனால் அதிலுள்ள கண்ணின் அளவு தவறினால், நன்மை செய்யவேண்டிய பொருளே கேடு செய்துவிடும்.

மாட்டுக்குத் தீனி வைத்துப் பழகிய கையே குதிரைக்கும் வைப்பதால்தான் பாதித் தொல்லை உண்டாகிறது. மாடு கிடைத்ததை அவசரமாக விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். ஆகையால் இரு வேளை தீனி வைத்துவிட்டு நடுவில் சும்மா விட்டாலும் அதன் வாய்க்கும் வயிற்றுக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. குதிரைக்கு அசைபோடுதல் என்பது இல்லை. அதன் இரைப்பையோ உடலின் பருமனுக்கு ஒவ்வாத சிறுமையுடையது; பெரிய ஜாதிக் குதிரைக்குக்கூட 8 முதல் 15 லிட்டர் வரையில்தான் கொள்ளும். அந்தச் சிறிய பையில் உணவைக் கரைக்கும் புளிப்புத் திராவகம் இரவும் பகலும் ஓயாமல் சுரக்கிறது. குதிரை தின்றாலும் சுரக்கும், தின்னாவிட்டாலும் சுரக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீர் மட்டும் மெல்லும்பொழுதுதான் ஊறும். மேய்ச்சல் வெளியில் தன்னிச்சையாகத் திரியும் குதிரை நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரையில் தலை குனிந்து மேய்ந்துகொண்டே இருக்கும். அதைப் பெருந்தீனி ஆசை என்று சொல்வது தவறு. இடைவிடாமல் சிறிது சிறிதாகத் தின்பதற்கென்றே அமைந்த வயிறு அது. அன்றியும், உள்ளே சென்றது ஒவ்வாவிட்டால் வாந்தி எடுத்துத் தப்பித்துக்கொள்ளும் வழி குதிரைக்கு இல்லை.

இப்பொழுது நடைமுறையைப் பார்ப்போம். சவாரி முடிந்து குதிரை கொட்டிலுக்குத் திரும்பும்பொழுது மாலை ஏழு மணி ஆகிறது. ஊறவைத்த கொள்ளு முகப்பையில் கட்டப்படுகிறது. ஒரு கட்டுப் புல் காலடியில் அவிழ்த்துப் போடப்படுகிறது. பசித்த குதிரை பத்து மணிக்குள் அதை முடித்துவிடும். பிறகு விடியற்காலை ஆறு மணிவரையில் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. அதற்குள் புளிப்புத் திராவகம். டென்மார்க் தேசத்தில் 201 குதிரைகளைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், புல் வைக்கும் வேளைகளுக்கு நடுவே ஆறு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி விடப்பட்ட குதிரைகளுக்கு இரைப்பைப் புண் உண்டாவது அதிகம் என்று கண்டார்கள். வைக்கோலைத் தவிர வேறு புல் காணாத குதிரைகளுக்கும் அந்த அபாயம் அதிகம் என்று கண்டது இந்நாட்டார் கவனிக்கத்தக்கது. புண் உள்ள குதிரை எப்பொழுதும் விழுந்து புரளாது. சேணவாரை இறுக்கும்பொழுது காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வரும். கொள்ளைப் பாதியில் விட்டுவிடும். கொட்டிலின் மரத்தைக் கறண்டும். அதைத் துஷ்டக் குதிரை என்று அடிக்கிறார்கள்.

கடலோரத்தில் இன்னொரு கேடும் உண்டு. புல்லை மணலின்மேல் போட்டால், கடைசித் துரும்புகளைப் பொறுக்கும்பொழுது குதிரை மணலையும் சேர்த்து விழுங்குகிறது. அது நாளடைவில் பெருங்குடலில் படிந்து கனத்து, ஒரு நாள் வழியை அடைத்துக்கொள்கிறது.

இவ்விரண்டு கேட்டுக்கும் ஒருங்கே பரிகாரமாக அமைவது சிறுகண் வலைப்பை. கண் சிறிதாக இருப்பதால் குதிரை வாய் நிறையப் பிடுங்க முடியாது. உதட்டால் துழாவி நாலைந்து துரும்பாகத்தான் இழுக்கும். வயலில் மேயும் வேகம் கொட்டிலிலும் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் இதை அளந்து 2014இல் வெளியிட்டனர். ஒரே அளவான உலர்ந்த புல்லைத் தரையில் வைத்தபொழுது குதிரைகள் சுமார் 3 மணி நேரத்தில் தின்று முடித்தன. ஆறு அங்குலக் கண் உள்ள வலையில் வைத்தபொழுது அதைவிடக் கால் மணி நேரம் போலத்தான் கூடிற்று. ஒன்றேமுக்கால் அங்குலக் கண்ணில் 5 மணி நேரமும், ஒன்றேகால் அங்குலக் கண்ணில் ஆறரை மணி நேரமும் பிடித்தன. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கண் வலை, புல் சிதறாமல் இருப்பதற்கு உதவுமேயன்றி நேரத்தை நீட்டாது என்பது இதனால் தெளிவாகிறது.

இதைக் கேட்டவுடன் அநேகர் செய்யும் முடிவு, கண் எவ்வளவுக்குச் சிறிதோ அவ்வளவுக்கு நல்லது என்பது. அம்முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு மட்டக்குதிரைக்காரருக்கு நேர்ந்ததைச் சொல்லலாம்.

அவரிடம் செவலை நிற மட்டப் பெட்டை ஒன்று இருந்தது. ஒரு வருஷத்தில் இருமுறை அதற்கு வயிற்றுவலி கண்டது. இரண்டாம் முறை வந்த மிருக வைத்தியர், சாணத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் கரைத்து வைத்தார். சற்று நேரத்தில் அடியில் ஒரு விரற்கடை மணல் படிந்தது. «புல்லைத் தரையில் போடாதீர், ஒன்றரை அங்குலக் கண் வைத்த வலைப்பையில் கட்டும்» என்று வைத்தியர் சொல்லிப் போனார். குதிரைக்காரர் தம் ஊர் வலை முடையும் முதியவரிடம் சென்றார்.

«கண் எவ்வளவு, தம்பி?»

«ஒன்றரை அங்குலம், பெரியவரே. டாக்டர் சொன்னது.»

முதியவர் இரண்டே நாளில் நைலான் கயிற்றில் உறுதியான பை ஒன்று முடைந்து கொடுத்தார். முதல் நாள் இரவு மூன்று கிலோ புல் அடைத்துக் கட்டப்பட்டது. விடியற்காலையில் பார்த்தால் பை ஏறக்குறைய அப்படியே இருந்தது. குதிரைக்காரருக்குச் சந்தோஷம். புல் விற்கும் விலையில் இவ்வளவு மிச்சமா என்று மனைவியிடம் காட்டினார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பை முழுவதும் எச்சிலில் நனைந்திருந்ததே தவிர எடை குறையவில்லை. பகலில் சவாரிக்கு நடுவே கொடுத்த கொள்ளும் ஒரு பிடி பச்சைப் புல்லுமே அதன் ஆகாரம். நாலாம் நாள் காலையில் குதிரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. சாணம் சிறு உருண்டைகளாய் வறண்டு இரண்டோ மூன்றோதான் கிடந்தன. மேலுதட்டின் உட்புறம் தோல் உரிந்திருந்தது. கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மறுபடியும் வந்த வைத்தியர் முதலில் குதிரையைத் தொடவில்லை; வலையைத் தொட்டார். கண்ணுக்குள் சுட்டுவிரலை நுழைத்தார். விரலே நெருக்கமாய்ப் போயிற்று. கண்ணின் ஒரு பக்கம் முக்கால் அங்குலத்திற்குமேல் இல்லை.

குற்றம் யாருடையது? முதியவர் ஒன்றரை அங்குலம் என்றுதான் முடைந்தார். ஆனால் மீன் வலைக்காரர் கண்ணை அளக்கும் முறை வேறு. கண்ணை இரு கையாலும் நீள இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுக்கு நடுவே உள்ள நீளத்தையே அவர்கள் கண்ணளவு என்பர். குதிரை வலையைப் பற்றிச் சொல்லும்பொழுது குறிப்பது பெரும்பாலும் சதுரமாக விரிந்த கண்ணின் ஒரு பக்கம். முன்னது பின்னதற்குச் சரியாக இரு மடங்கு. பக்கம் ஒன்றரை அங்குலம் வேண்டுமானால், இழுத்தளவு மூன்று அங்குலம் என்று சொல்லியிருக்க வேண்டும். விஷயத்தைக் கேட்ட முதியவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, «இத்தனை வருஷமாய் மீன் தப்பாமல் இருக்கத்தான் கண் போட்டேன். புல் தப்பி வரவேண்டும் என்று நீ சொல்லவில்லையே, தம்பி» என்றார். மறு வலைக்குக் கயிற்றின் விலையைத் தவிரக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மட்டக்குதிரை பட்டினி கிடப்பது பெரிய குதிரை கிடப்பதைக் காட்டிலும் அபாயமானது என்பதை இங்கே சொல்லவேண்டும். மட்டத்திற்கும் கழுதைக்கும், அதிலும் கொழுத்ததற்கும் சினையானதற்கும், ஆகாரம் திடீரென்று நின்றால் உடம்பிலுள்ள கொழுப்பு உருகி இரத்தத்தில் மிகுந்து ஈரலைக் கெடுத்துவிடும். முற்றிய பிறகு வைத்தியம் பலிப்பது அரிது. ஆகவே விடிந்தபொழுது நிறைந்திருக்கும் வலையைக் கண்டு மிச்சம் என்று மகிழக் கூடாது. இரவு முழுவதும் மெதுவாகக் குறைந்து, விடியும் தறுவாயில் ஒரு பிடி மீந்தோ மீளாமலோ இருக்கும் வலையே அக்குதிரைக்கு ஏற்ற வலை. வலையைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சூக்ஷ்மம் முழுவதும் இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்குத் துணை.

அப்படியானால் எந்தக் கண்ணிலிருந்து தொடங்குவது? வலை பழகாத குதிரைக்குப் பக்க அளவு இரண்டு அங்குலம் அல்லது ஒன்றேமுக்கால் அங்குலம் தகும். அதை அது இரண்டு மூன்று மணி நேரத்தில் காலி செய்யுமளவுக்குக் கெட்டிக்காரத்தனம் பெற்ற பிறகு ஒன்றரைக்கு வரலாம். அதையும் சீக்கிரம் முடிக்கும் குதிரைக்கும், உடல் பருத்துக் கழுத்து மேடிட்டு வரும் மட்டத்திற்கும் ஒன்றேகால். ஓர் அங்குலக் கண், நன்றாகப் பழகிய பருத்த மட்டத்திற்கு மட்டும், அதுவும் தினந்தோறும் பார்த்து நிறுப்பவர் கையில் இருந்தால் மட்டும் கூடும். வயது சென்று பல் தேய்ந்த குதிரைக்குச் சிறுகண் வலை ஆகவே ஆகாது. அதற்குப் புல்லை நறுக்கித் தொட்டியில் வைப்பதே தருமம். தாயோடு குட்டி நிற்கும் கொட்டிலிலும் வலை தொங்கக் கூடாது.

கயிற்றின் பருமனும் கண்ணளவுக்கு ஒப்பானதே. மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள, பின்னிய நைலான் கயிறு உத்தமம். தங்கூசி நரம்பில் முடைந்த வலையை எக்காரணம் கொண்டும் குதிரையின் வாய்க்கு அருகே கொண்டுவரக் கூடாது. அது உதட்டையும் ஈறையும் கத்திபோல் அறுக்கும். பருத்திக் கயிறு மிருதுவானதுதான். எச்சிலும் பனியும் பட்டு விரைவில் இற்றுப்போகும். தேங்காய் நார்க்கயிறு முரடு. கடலோரத்தில் கழித்துப் போட்ட இழுவை வலையின் மடிப்பகுதி சில சமயம் மலிவாகக் கிடைக்கும். அது தடித்த கயிற்றில் நெருங்கிய கண்ணாக முடையப்பட்டிருப்பதால் உபயோகிக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் தூண்டில் முள், மீன் முள், சிப்பி, அறுந்த நரம்பு ஆகியவை ஒவ்வொரு கண்ணிலும் இல்லை என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து, பல தண்ணீர் மாற்றி அலசி, வெயிலில் உலர்த்திய பிறகே தைக்க வேண்டும். அத்தனை பொறுமை இல்லாதவர் புதுக்கயிறு வாங்குவதே லாபம். எந்த வலையாயினும், இழை பிரிந்து தொங்கும் இடத்தை அன்றைக்கே அறுத்து முடிந்துவிட வேண்டும். குதிரை விழுங்கிய கயிற்றுத் துண்டு குடலில் தங்கி அதைச் சுற்றிக் கல்போல் இறுகுவது உண்டு.

வலையை எங்கே கட்டுவது என்பதில்தான் குதிரைக்காரர்களுக்குள் நெடுநாளைய வாக்குவாதம். உயரக் கட்டினால் தூசியும் விதையும் கண்ணிலும் மூக்கிலும் விழும். தலையைத் தாழ்த்தித் தின்னும் ஜந்துவை ஒட்டகம்போல் அண்ணாந்து தின்னச் செய்வது அதன் மூச்சுக்கும் கழுத்துக்கும் நல்லதன்று. தாழக் கட்டினால் காலைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளும். லாடத்தின் பின் முனையில் வலைக் கண் சிக்கிக்கொண்டு, பயந்த குதிரை காலை உதறி எலும்பை முறித்துக்கொண்ட கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆகவே நிறைந்திருக்கும்பொழுது வலை எங்கே தொங்குகிறது என்று பார்ப்பது தப்புக் கணக்கு. காலியானபின் நீண்டு தொங்கும் அடி எங்கே வருகிறது என்பதே கணக்கு. அது குதிரையின் முழங்காலுக்கு நன்றாக மேலே, மார்பு மட்டத்தில் நிற்க வேண்டும். சுருக்குக் கயிற்றை வளையத்தில் கோத்துக் கீழே கொண்டுவந்து, பையின் அடிக்கண்ணில் நுழைத்து மறுபடி மேலே இழுத்துக் கட்டினால் காலியான பையும் தாழாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும் சுருவாக இருக்கட்டும். வளையத்துக்கும் வலைக்கும் நடுவே இலேசான சணல் கயிறு ஒன்று வைத்தால், ஆபத்துக் காலத்தில் அறுவது அதுவாக இருக்கும்.

லாடம் இல்லாத குதிரைக்கும் லாடம் உள்ளதற்கும் பொதுவாக மிகச் சிறந்த ஏற்பாடு தொட்டிமேல் வலை விரிப்பது. இரண்டடி உயரமுள்ள மரப்பெட்டியிலோ பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பீப்பாயிலோ புல்லை இட்டு, அதன்மேல் வலையை விரித்து விளிம்பில் கொக்கியின்றிக் கயிற்றாலேயே இறுகக் கட்டிவிடலாம். தலை தாழ்ந்து, மணல் சேராமல், கால் நுழையாமல் குதிரை தின்னும். விளிம்பு கூராக இருந்தால் பிளந்த ரப்பர்க் குழாயைச் செருகி மூடவேண்டும். மழைத் தண்ணீர் வடிய அடியில் துளை வேண்டும். பீப்பாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பூச்சி மருந்து வந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் தீனிக்கு ஆகாது.

குதிரையின் முகக்கயிற்றில் இரும்பு வளையமோ கொக்கியோ இருந்தால் இரவில் வலை கட்டுமுன் கழற்றிவிட வேண்டும். கொட்டிலில் ஆடும் கூட நிற்குமானால் இன்னும் ஜாக்கிரதை. சிந்திய துரும்புக்கு வரும் ஆட்டின் கொம்பு வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டால், விடிவதற்குள் அது கழுத்து முறுக்கி மடிந்துகிடக்கும். குதிரையைக் காக்க வைத்த வலைக்கு ஆட்டைப் பலி கொடுத்தவர் உண்டு.

வலைக்குள் இடும் பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிழலில் புரட்டி உலர்த்திய அறுகம்புல் முதல் தரம். நெல் வைக்கோல் மாட்டின் வயிற்றுக்கு உரியது. குதிரைக்கு அதையே முழு ஆகாரமாக வைத்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். சோளப்பயிரைப் பச்சையாக மேய்ந்த குதிரைகளுக்கு மூத்திரப்பையும் பின்னங்கால் நரம்பும் கெடும் வியாதி கண்டிருப்பதால், சோளத்தை மாட்டோடு நிறுத்திக்கொள்வது உசிதம். கொங்கு நாட்டில் கொறங்காட்டிற்குப் பெயர்போன கொழுக்கட்டைப்புல் மாட்டுக்கு அருமையானது; குதிரைக்கு அதையே மாதக்கணக்காகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு சத்து சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு எலும்பில் சேரவிடாது; முகவெலும்பு வீங்கி நொண்ட ஆரம்பிக்கும். அதோடு குதிரைமசால் சிறிது கலந்து கொடுத்தால் சுண்ணாம்புக் குறை ஓரளவு ஈடாகும். பெயரிலேயே குதிரையைத் தாங்கிய அந்தச் செடி, பெயருக்கேற்ற உபகாரியே. ஆனால் உலர்ந்த இலை பொடிந்து கண் வழியாக உதிர்ந்துவிடுமாகையால் அதைத் தொட்டி வலையில் வைப்பதே நலம். பூசணம் பிடித்த புல்லை வலையில் வைப்பதும் தரையில் வைப்பதும் ஒன்றே. பக்கத்தில் எப்பொழுதும் நல்ல தண்ணீர் இருக்கவேண்டும். உலர்ந்த புல்லை மெல்லும் குதிரைக்கு இரவிலும் தாகம் உண்டு.

எவ்வளவு இடுவது? குதிரையின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, ஈரம் நீக்கிய கணக்கில், ஒரு நாளைய புல் என்பது பொது விதி. 200 கிலோ மட்டத்திற்கு 4 கிலோ. உலர்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் நிறுவையில் ஏறக்குறைய நாலரைக் கிலோ. உடம்பை இளைக்கவைக்க வேண்டிய கொழுத்த மட்டத்திற்கும் நூற்றுக்கு ஒன்றரைக்குக் கீழே வைத்தியரைக் கேளாமல் இறங்கக் கூடாது. இதில் பாதிக்கு மேற்பட்ட பங்கை இரவு வலைக்கென ஒதுக்கவேண்டும். கை மதிப்பு இங்கே உதவாது. கொக்கியில் மாட்டும் வில் தராசு ஒன்று சங்கத்தில் இருந்தால், மாலையில் நிறைந்த வலையையும் காலையில் மீந்ததையும் ஒரு வாரம் நிறுத்து எழுதி வந்தாலே, கண் சிறிதா பெரிதா என்பது வாதமின்றித் தீர்ந்துவிடும்.

செவலையின் விஷயம் பாக்கி இருக்கிறது. வைத்தியர் குழாய் வழியாகக் கஞ்சி செலுத்தி, உதட்டுப் புண்ணுக்கு மருந்து தடவி, ஐந்து நாள் சவாரியை நிறுத்திவைத்தார். அந்த ஐந்து நாள் வரும்படி போயிற்று; குதிரை போகவில்லை. இழுத்தளவு மூன்றரை அங்குலத்தில், அதாவது பக்கம் ஒன்றேமுக்கால் அங்குலத்தில், முதியவர் புது வலை முடைந்து கொடுத்தார். ஆனால் வலையைக் கண்டாலே குதிரை காதை மடித்தது. ஆகையால் முதல் நாலு நாள் பாதிப் புல்லைத் தொட்டியில் திறந்தபடி வைத்து, மீதியை மட்டும் வலையில் தளர்த்தியாக அடைத்து, கண்கள் வழியே துரும்புகளை வெளியே இழுத்துத் தொங்கவிட்டு வைத்தார்கள். பிறகு நாள்தோறும் தொட்டிப் புல்லைக் குறைத்து வலைப் புல்லைக் கூட்டினார்கள். குதிரைக்காரரின் மனைவி இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் பிடித்துப் பார்ப்பாள். மெல்லும் சத்தம் கேட்டால் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். இரண்டாம் வாரக் கடைசியில், பால்காரர் வரும் வேளைக்கு வலையின் அடியில் ஒரு பிடி புல் மீந்தது. சாணம் பழைய அளவுக்கு வந்தது. கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்துப் பார்த்ததில் மணல் வரவரக் குறைந்து, இரண்டு மாதத்தில் அடியில் ஒரு மெல்லிய கோடாக நின்றது.

அதன்பின் பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று குதிரைக்காரர்கள் அந்த முதியவரிடம் வலை கேட்டு வந்தார்கள். அவர் இப்பொழுது கண் அளக்கும் மூங்கிற்பட்டை இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று மீனுக்கு, மற்றொன்றில் சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருக்கிறது.